எடைக்கருவி காத்த எங்கள் தகுதி மேசை அக்காவுக்கு

குருதி வங்கியின் கதவே, கதவின் காவலே, காவலின் கறாரே, எங்கள் பெருமதிப்பிற்குரிய தகுதி மேசை அக்கா அவர்களே,

முப்பத்தோராண்டு ஒரே மேசை, ஒரே எடைக்கருவி, ஒரே பார்வை என்று வீற்றிருந்து, வந்தவரின் வயதைக் கேட்டு, தூக்கத்தைக் கேட்டு, தின்றதைக் கேட்டு, விழுங்கிய மாத்திரையைக் கேட்டு, தகுதியுள்ளவரைத் தானமளிக்க உள்ளே அனுப்பி, தகுதியற்றவரைத் தட்டிக்கொடுத்துத் திருப்பி அனுப்பிய தங்களை, பணி ஓய்வு பெறும் இந்நாளில் பாராட்டக் கூடியிருக்கிறோம். காய்ச்சலை மறைத்தவர் தங்களிடம் தப்பியதில்லை. சட்டைக் கைக்குள் புது டாட்டூவை ஒளித்தவரும் தப்பியதில்லை. பதினெட்டு நிறைய இரண்டு நாள் பாக்கியிருந்த மாணவியிடம், "நாளன்னிக்கு வாம்மா, நான் இங்கதான் இருப்பேன்" என்றீர்கள். அவள் வந்தாள். நீங்களும் இருந்தீர்கள்.

இதற்கு மேல் தங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னால் பாதியில் எழுந்து திருத்துவீர்கள். ஆகவே சற்று நேரம் அவையோரிடம் பேசுகிறோம். அக்கா கேட்காததுபோல் அமர்ந்திருக்கட்டும்.

அவையோரே, சென்ற ஆண்டு ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். மூன்று மணி நேரம்தான் தூங்கியிருந்தார். இன்று வேண்டாம் என்றார் அக்கா. அவர் நகரவில்லை.

"நீங்க எத்தன தடவ குடுத்திருக்கீங்க, மேடம்?"

"ஒரு தடவகூட இல்ல."

"அப்ப குடுக்கிறதப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"நல்லாத் தூங்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார் அக்கா. அன்று அவர் தேநீரைத் தொடவில்லை என்பதைப் பக்கத்து மேசையிலிருந்து கவனித்தோம். அடுத்தவர் கோப்பையைக் கவனிப்பதில் எங்களுக்கு என்றும் குறையில்லை.

அக்கா கொடுக்காததற்குக் காரணம் மனமல்ல, எடை. நாற்பத்தைந்து கிலோ இருந்தால்தான் இங்கே எடுப்போம். அக்கா நாற்பத்து மூன்று. விரல்நுனித் துளியை, ரத்தச் சத்தைச் சோதிக்கும் நீலக் கரைசலில் விட்டால் கல்லாக மூழ்கும். ரத்தத்தில் குற்றமில்லை, ஆள்தான் போதவில்லை. இன்னொரு விதியும் உண்டு. அறுபது வயது ஆகிவிட்டால் முதன்முறை கொடுக்க வருபவரிடம் எடுப்பதில்லை. அக்காவுக்கு அறுபதாக எட்டே மாதம் இருந்தது. அதற்குள் ஒருமுறையாவது கொடுத்துவிடுவது என்று முடிவு கட்டினார்.

அன்றிலிருந்து மதிய டப்பா ஓர் அடுக்கு உயர்ந்தது. முட்டை இரண்டாயிற்று. அவர் வீட்டுக்காரர் தொலைபேசியில் எங்களிடம் புலம்பினார். அழைத்தது நாங்கள்தான், அது வேறு விஷயம். "கண்ணாடியப் பாக்கிறதே இல்லீங்க, மெஷினத்தான் பாக்கிறா. அது கால் கிலோ கூடக் காட்டினா அன்னிக்கு எனக்கு நிம்மதி."

மூன்று வாரம் மிச்சமிருந்தபோது, நம் பதிவேட்டுக்காரர் நல்லெண்ணத்தோடுதான் அலமாரிச் சாவிக்கொத்தை அக்காவின் கோட்டுப் பைக்குள் நழுவவிட்டார். கருவி நாற்பத்தைந்து புள்ளி ஒன்று காட்டியது. கைதட்டினோம். அக்கா பைக்குள் கைவிட்டுக் கொத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இதுக்கு என்ன குரூப்புன்னு எழுதுவீங்க?"

கோட்டையும் செருப்பையும் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். நாற்பத்து நான்கு புள்ளி நான்கு. திருப்பி அனுப்பப்பட்டோர் ஏட்டில் தம் பெயரைத் தாமே எழுதிக் கையொப்பமிட்டார். பதிவேட்டுக்காரர் அன்று மாலைவரை சுவரோரமாகவே நடமாடினார்.

கடந்த செவ்வாய், அறுபதுக்கு நான்கு நாள் முன்பு, கோட்டும் செருப்பும் இல்லாமல் நாற்பத்தைந்து புள்ளி இரண்டு. அக்கா இறங்கி, மறுபடி ஏறி, அதே எண்ணைப் பார்த்த பிறகே நம்பினார். மருத்துவர் கேள்விகளைச் சுருக்கப் பார்த்தார்.

"ஒன்பதாவது கேள்வி விட்டுப்போச்சு, டாக்டர்."

"அக்கா, அது கர்ப்பமா இருக்கீங்களான்னு..."

"படிவத்துல இருக்குல்ல? கேளுங்க."

கேட்டார். "இல்ல" என்றார் அக்கா, முகம் மாறாமல்.

முப்பத்தோராண்டாக "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவர், ஊசி இறங்கியதும் விரிப்பைக் கசக்கிப் பிடித்தார். "எறும்பு இல்ல. இனிமே யாருக்கும் எறும்புன்னு சொல்லாதீங்க." கையில் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி, பை நிறைவதையே ஏழு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். பையில் எண் மட்டும் இருந்தது, பெயரில்லை.

"யாருக்குப் போகும்?"

"அதச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க" என்றார் ஊசி போட்ட டெக்னீஷியன்.

பத்து நிமிடம் படுத்திருக்க வேண்டிய அக்கா நான்காம் நிமிடமே எழப் பார்த்தார், அதட்டிப் படுக்கவைத்தோம். நாங்கள் சொல்லி அவர் கேட்ட முதல் சந்தர்ப்பம் அது. மறுநாள் முதல் மேசைக்கு வந்த ஒருவரும் "நானும் குடுத்திருக்கேன்" என்பதைக் கேளாமல் உள்ளே போகவில்லை. அந்த ஓட்டுநர் இன்னும் வரவில்லை. வந்தால், அக்காவின் சார்பில் நாங்கள் சொல்லிவிடுவோம்.

மீண்டும் தங்களிடமே வருகிறோம், அக்கா. கண்டிப்பிலும் கனிவு குறையாதவரே, கனிவிலும் கணக்குப் பிசகாதவரே, தாங்கள் நோயின்றி நெடுங்காலம் வாழ்க. நாற்பத்தைந்துக்குக் குறையாமல் வாழ்க. ஒருமுறை கொடுத்தவருக்கு நம் விதி அறுபத்தைந்துவரை இடம் தருகிறது. நான்கு மாதம் கழித்து வாருங்கள். தங்கள் நாற்காலியில் இனி அமர்பவர் எடைக்கருவியைத் துடைத்து வைத்திருப்பார். கால் கிலோ குறைந்தாலும் தங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படித்தான் பழக்கியிருக்கிறீர்கள்.

தங்கள் பார்வைக்கு இன்றும் அஞ்சும்,
குருதி வங்கி ஊழியர்கள்