ஆறு மணிக்கு ஓய்வெடுத்த மெஷின்

மேடையில் வீற்றிருக்கும் கோயில் தலைவர் காளியண்ணன் தாத்தா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மோகனா அத்தை அவர்களே, இந்த மழையிலும் தானா ராத்தாவிலிருந்தும் பிரிஞ்சாங்கிலிருந்தும் ஏறி வந்திருக்கும் உறவுகளே, இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்த கங்கா அக்கா அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். என் பெயர் தனுஜா. தோட்டத்து வீட்டு வரிசைகளில் மூன்றாவது லயம், ஏழாம் வீடு. படிவம் நான்கில் படிக்கிறேன். பெரியவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் என்னை நிறுத்தியிருக்கிறீர்கள். நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். அதில் பாதியை அழுதே நனைத்துவிட்டேன். மீதியைப் படிக்கிறேன்.

நம் தேயிலை ஆலையின் வயர்மேன், "நம்ம லயம்" இணையதளத்தின் நிறுவனர், என் மரியாதைக்குரிய ஹரிதாஸ் மாமா மறைந்து இன்றோடு பதினேழு நாள். நாற்பத்தொன்பது வயது! அது ஒரு வயதா?

"நம்ம லயம்" என்றால் என்னவென்று வெளியூர் உறவுகள் சிலர் வாசலில் கேட்டார்கள். ஊரடங்குக் காலத்தில் நம் பிள்ளைகள் ஜொகூரிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் மாட்டிக்கொண்டார்கள் அல்லவா? அப்போது மாமா பிரிஞ்சாங்கில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கித் தம் வீட்டு அடுப்படியில் வைத்தார். அதில் நமக்கென்று ஒரு தளம் அமைத்தார். பெரிய கம்பெனிகள் நடத்தும் தளங்கள் ஒரே பெரிய கட்டடம் மாதிரி. அங்கே நாமெல்லாம் வாடகைக்கு இருப்பவர்கள். மாமா கட்டியது அப்படியல்ல. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான சிறு வீடுகள். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஆசைக்காக நடத்துகிறார். ஒரு வீட்டில் எழுதுவதை மற்ற வீட்டில் படிக்கலாம், பதில் சொல்லலாம். அப்படி ஒரு வீடு நம் தோட்டத்திலும் இருந்தது. விளம்பரம் இல்லை. நம்மை வேவு பார்க்கும் கண் இல்லை. நாற்பத்து மூன்று பேர் இருந்தோம்.

அந்த அடுப்படியில் ஒரே ஒரு பிளக்தான். ஒரு பிளக்கில் ஒரு சாமான் என்பது மாமாவின் சட்டம். வயர் சூடேறிவிடும் என்று வீடு வீடாகத் திட்டியவர் தம் வீட்டில் மட்டும் மீறுவாரா? ஆகவே, மாலை ஆறு மணிக்கு மோகனா அத்தை அரிசி கழுவியதும் மாமா அந்தக் கம்ப்யூட்டர் மெஷினை நிறுத்துவார். அதே பிளக்கில் கரண்டு குக்கர் ஏறும். சோறு வெந்ததும் மறுபடி மெஷின் ஓடும். நிறுத்துமுன் தினமும் ஒரே வரியை எழுதுவார்: "சோறு வைக்கப் போறோம். நீங்களும் சாப்புடுங்க."

இதுதான் நம் தளத்தின் புகழ்பெற்ற பழுது! ஒரு முறை பின்லாந்திலிருந்து ஒருவர் எழுதினார். அவரும் தம் வீட்டில் இப்படி ஒரு தளம் நடத்துபவர், உருளைக்கிழங்கு பயிரிடுபவர். "உங்கள் தளம் தினமும் ஒரே நேரத்தில் நின்றுவிடுகிறதே, என்ன கோளாறு?" என்று கேட்டார். மாமா ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் பதில் போட்டார். அரிசி.

"ஒரு பேட்டரி வாங்குனா என்னா மாமா?" என்று நான் கேட்டேன்.

"எதுக்குமா? மனுசன் சாப்புடற நேரத்துல மெஷினும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்லா. இல்லாட்டி நீங்கள்லாம் தட்டுல கை வெச்சுக்கிட்டே போனைத் தடவுவீங்க."

"மனுசனுக்காவது ஓய்வு உண்டு. எனக்கு எங்க?" என்று அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அன்று முதல் குக்கரில் அரிசி போடுவது மாமாவின் வேலையாயிற்று.

கங்கா அக்கா சிங்கப்பூர் ஆலையில் தனியாக இருந்த அந்த இரண்டு வருடமும், தளம் நின்றதும் எழுந்து தானும் உலை வைத்தாராம். "மாமா, ஒங்க மெஷின் நின்னாத்தான் எனக்குப் பசிக்குது" என்று எழுதியது இன்னும் இருக்கிறது. ஒருநாள் இங்கே கடும் மழையில் மூன்று மணிக்கே கரண்டு போனது. "என்னா மாமா, இன்னிக்கு மூணு மணிக்கே சோறா?" என்று, கரண்டு திரும்பிய பிறகு கேட்டதும் இதே அக்காதான். எந்தக் கம்பெனியின் தளம் நம்மை இப்படி ஒரே நேரத்தில் சாப்பாட்டுக்கு உட்கார வைத்திருக்கிறது?

மாமா தவறே செய்யாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அவரே சிரிப்பார். எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, தளத்தைப் புதுப்பிக்கிறேன் என்று மூன்று மாதத்துப் பதிவுகளை அழித்துவிட்டார். அதில் நான் படித்த புத்தகங்களைப் பற்றி எழுதிய அறுபத்தொரு குறிப்புகளும் போயின. அன்று மாலை எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றி விட்டு, பனியில் நனைந்தபடி நின்றார். அம்மா உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. என்னைப் பார்த்து, "தப்பு என்னோடதுதாம்மா. நீங்க எழுதுனத நான் தொலைச்சிட்டேன்" என்றார். பதினான்கு வயதுப் பெண்ணை "நீங்க" என்று சொன்ன முதல் பெரிய மனிதர் அவர்தான்!

பிறகு என்ன செய்தார் தெரியுமா? நாம் எழுதுவது நம்மைப் பின்தொடர்பவர்களின் வீட்டிலும் ஒரு பிரதியாகத் தங்கும். அதனால் நம்மைப் பின்தொடரும் பின்லாந்துக்காரருக்கு எழுதினார். மலேசியாவின் மலைமேல் ஒரு பெண் தமிழில் எழுதியவை உங்களிடம் இருக்கின்றனவா என்று கேட்டார். இருந்தன! தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாத அந்த மனிதரின் வீட்டில் நாற்பத்தேழு குறிப்புகள் பத்திரமாக இருந்தன. மாமா அவற்றை அச்செடுத்து, ஆலையின் பழுப்பு உறையில் போட்டுக் கொண்டுவந்தார். "பதினாலு கொறையுது. மன்னிச்சிருங்க" என்றார்.

இன்னொரு தவறும் செய்தார். அதற்கு மன்னிப்புக் கேட்க அவர் இல்லை. மெஷினை யார் தூக்கிக்கொண்டு போனாலும் நம் சொந்தப் பேச்சை எவரும் படிக்கக்கூடாது என்று அதற்கு ஒரு பூட்டுப் போட்டார். ஒவ்வொரு முறை நிறுத்திப் போடும்போதும் அது கடவுச்சொல் கேட்கும். அதைத் தட்டினால்தான் திறக்கும். அந்தச் சொல் அவர் மனதில் மட்டும் இருந்தது. "எங்கயாச்சும் எழுதி வைங்க மாமா" என்றேன். "எழுதி வெச்சா அது பூட்டா?" என்றார்.

புதன்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு மெஷினைத் திரும்பப் போட்டார். வியாழக்கிழமை மதியம் ஆலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

அவர் கையால் கடைசியாக ஓடவிட்ட மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை நின்றால் மறுபடி திறக்காது. பதினொன்றாம் நாள் இடி இடித்து லயத்தில் எல்லா விளக்கும் இரண்டு முறை மினுக்கியபோது நான் மழையில் அத்தை வீட்டுக்கு ஓடினேன். அத்தை அடுப்படியில் மெஷின்மேல் கை வைத்து நின்றிருந்தார். பக்கத்தில் குக்கர் கவிழ்த்தபடி இருந்தது.

"முன்ரூம் பிளக்குல குக்கரப் போடலாமே அத்தை?"

"போடலாம்லா. ஆனா சோறுன்னா அவரு எழுந்து வந்து இத நிறுத்தணும்டி. நிறுத்தாம என்னா சோறு?"

அக்கம்பக்கத்தில் கொடுத்த ரொட்டியும் மீ நூடுல்ஸும்தான் அத்தையின் சாப்பாடாக இருந்திருக்கிறது. நமக்கு யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ஒருவருக்குத் தெரிந்தது. பின்லாந்திலிருந்து அன்று தளத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அதைத் தமிழில் சொல்கிறேன்: "உங்கள் தளம் பதினொரு நாளாக ஒருமுறைகூட நிற்கவில்லை. அங்கே யாரும் சோறு வைக்கவில்லையா? எனக்குக் கவலையாக இருக்கிறது."

அதை நான் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அத்தை மெஷின்மேலிருந்து கையை எடுத்தார். பிறகு, "எல்லாரோட எழுத்தையும் வெளிய எடுத்துட முடியுமாடி?" என்று கேட்டார்.

முடிந்தது, சபையோரே! நாற்பத்து மூன்று பேரும் அவரவர் எழுதியதைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டோம். மாமாவின் பதிவுகளை, அவர் போன் அத்தையிடம் இருந்ததால், அதன் வழியாக எடுத்தோம். ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் முறை அதே சோற்று வரி. கோயில் மண்டபத்து அலமாரியில் காளியண்ணன் தாத்தா இடம் கொடுத்திருக்கிறார். அங்கே புதிய மெஷின் தயாராக இருக்கிறது. எல்லாரும் கணக்கை அங்கே மாற்றிக்கொண்டோம். மாமாவின் கணக்கை மட்டும் மாற்றவில்லை. "அவரு அந்த வீட்லயே இருக்கட்டும்" என்று அத்தை சொல்லிவிட்டார்.

மாமா, உங்களிடம் இந்தச் சபை முன்னால் வாக்குக் கொடுக்கிறோம். புதிய மெஷினின் கடவுச்சொல்லை எழுதி, மூன்று வீட்டில் உறையிலிட்டு வைப்போம். இதில் மட்டும் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டோம். தோட்டத்து இளைஞர்கள் பேட்டரி வாங்கித் தருகிறார்கள், வாங்கிக்கொள்வோம். ஆனால் பேட்டரி இருந்தாலும், பிளக் பத்து இருந்தாலும், தினமும் ஆறு மணிக்கு அதை நிறுத்துவோம். நம் ஊர் மறுபடி ஒரே நேரத்தில் சாப்பாட்டுக்கு உட்காரும்.

உங்களைக் காணாமல் எத்தனை ஆறு மணிகளைக் கடந்தோம், மாமா! மெஷின் நிற்குமா, நிற்குமா என்று போனைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நிற்காமல் ஓடும் ஒரு மெஷினைப் பார்த்து இப்படி ஏங்குவோம் என்று யார் நினைத்தார்கள்?

சபையோரே, இப்போது மணி ஐந்தரை. இன்று காலை அத்தை என்னைக் கூப்பிட்டு, குக்கரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கு ஆறு மணிக்கு நானே நிறுத்துறேன். கூட்டத்துல எல்லாரையும் வரச் சொல்லு. ஒரு ஆளுக்கு அரிசி போட எனக்குக் கை வரல." வாருங்கள். வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டு வாருங்கள். நிறுத்துமுன் மாமாவின் கணக்கில் அந்த வரியை எழுதப் போவதும் அத்தைதான். எழுதி நிறுத்தியதும் அந்த மெஷின் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். அந்த வரி மட்டும் கங்கா அக்காவின் போனுக்கும் பின்லாந்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

சோறு வைக்கப் போறோம். நீங்களும் சாப்புடுங்க.