படகு கழுவும் ஞாயிறு

பலாங்கொடையிலிருந்து தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரரு தோட்டத்துத் தொரையோட போட்டை நக்கிப் பார்ப்பாருக்கா."

"எதுக்குடி?"

"தொரை கடல்ல ஓட்டிட்டு பங்களாவுக்கு இழுத்துட்டு வந்தா, உப்பு போற வரைக்கும் கழுவணும். இல்லாட்டி துருப்பிடிச்சிரும். அவரு கழுவுற ஞாயித்துக்கிழமை நம்ம லயத்து வீட்டுங்க பைப்புல தண்ணி வராது. பங்களாவுக்கும் நமக்கும் ஒரே டேங்க்தானே."

"இப்ப வருதே."

"போன மாசம் இவரு தொரைகிட்ட, லயத்துக்குத் தண்ணி வரலன்னு நேராவே சொல்லிட்டாராம். தொரை கொஞ்சம் யோசிச்சிட்டு, இனிமே டவுன் சர்விஸ் ஸ்டேஷன்ல கழுவிக்கிறேன்னாராம்."

"ஒனக்குப் பெருமையா இருந்திருக்குமே."

"எங்கிட்ட அவரு சொல்லவே இல்லக்கா. கொடம் நெறஞ்சு வழியுதேன்னு நான் அதிசயப்பட்டப்பவும் பக்கத்துல சும்மாதான் நின்னாரு. தொரையோட டிரைவர் சொல்லித்தான் தெரியும்."