இருக்கேன்

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா. இன்றைக்கு ஒரு சிநேகிதக் கதை சொல்கிறேன். வேறெங்கும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. மீனை உறையவைக்கும் தொழிற்சாலையில் வேலை. கூட ஒருத்தி, என் வயதுதான். வாயாடி என்று கூப்பிடுவோம். குளிர் அறைக்குள் ஒருத்தி போனால், மற்றவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்க வேண்டும். தாழ்ப்பாள் வெளியில் மட்டும்தான். உள்ளே இருப்பவள் அவ்வப்போது "இருக்கியா?" என்பாள். வெளியே நிற்பவள் "இருக்கேன்" என்பாள். குழாய் போகும் ஓட்டை வழியாக நன்றாகவே கேட்கும். அந்தப் பதில் வந்துகொண்டிருக்கும்வரை பயம் கிடையாது.

"ஒரே வார்த்தைக்கு உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க பாருடி" என்று கேலி செய்வாள். வேலையை விட்டுப் போனால் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம் என்று சத்தியம் செய்ததும் அவள்தான்.

ஒரு விடுமுறை நாளில் நாங்கள் மட்டும் வேலைக்கு வந்திருந்தோம். தலைத்துணியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வாரம் நான் தையல் கம்பெனிக்குப் போறேன்டி. அக்கா சொல்லி வெச்சிருக்கா. உனக்கும் கேட்டேன், ஒரு ஆள்தான் வேணுமாம். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத, என்ன?"

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அவள் உள்ளே போனதும் கதவைச் சாத்தினேன். இனி எனக்கு யார்?

"இருக்கியா?"

"இருக்கேன்."

"முடிஞ்சிருச்சு. தெற."

"இருக்கேன்."

"வெளையாடாதடி, கை மரத்துப் போச்சு."

"இருக்கேன்."

தட்டினாள். அழுதாள். எங்கேயும் போகமாட்டேன் என்றாள். அதைக் கேட்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? ஆனால் திறந்தால் மனசு மாறிவிடுவாளே. பிறகு "இருக்கியா" மட்டும் வந்தது, நாக்குக் குழறி. ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை பயந்துவிடக் கூடாதல்லவா.

சாயங்காலம் மேஸ்திரி வந்தார். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது என்றேன். அவர் இழுத்ததும் திறந்தது. ஆம்பளைக் கை என்பதால் திறந்தது என்று நினைத்துக்கொண்டார்.

"ஓடிப் போயி யாரையாச்சும் கூப்பிட்டிருக்கலாமேம்மா?"

"அவளத் தனியா விட்டுட்டு எப்படிங்க போறது?"

அவர் என் தலையில் கைவைத்து அழுதார்.

விட்டுப் போக நினைத்தவள் அவள். கடைசிவரை கூட நின்றவள் நான்.

சரி, எழுந்திருங்கள் கண்ணுகளா. உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். அதைவிட்டு ஒருவரும் ஒருநாளும் வெளியே போகாமல் இருக்கட்டும்.