அரைத்துப் போட்ட தழை

இல்லை ஐயா, உப்பு, புளி, காரம் எது கூடினாலும் குறைந்தாலும் நான் சொல்லிக்காட்ட மாட்டேன். பச்சைக் கொத்தமல்லி ஒன்றுதான் எனக்கு ஆகாது. மூட்டைப்பூச்சியை நசுக்கியது போல ஒரு வாடை. அறுபத்து மூன்றாம் வருடம், கல்யாணமான வாரமே மரியசெல்வியிடம் சொல்லிவிட்டேன். தலையாட்டினாள்.

மூன்று வருடம் ரசமும் குழம்பும் நன்றாகவே இருந்தன. நானே மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். இந்த வருடம் தவக்காலம் வந்தது. பாஸ்குப் பண்டிகை வரும்வரை நாற்பது நாள், எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் பிடித்தது ஒன்றை விட்டு ஒறுத்தல் இருப்போம். நான் சுருட்டை விட்டேன். அவள் எதை விட்டாள் என்று சொல்லவில்லை. அந்த நாற்பது நாளும் வீட்டுச் சோறு வாய்க்கு விளங்கவில்லை.

பாஸ்கு அன்று தொண்டூரிலிருந்து தம்பி பாக்கியசாமி வந்திருந்தான். குழம்பு பிரமாதம் என்றேன். அவள் சிரித்தாள்.

"நாப்பது நாளா மல்லித் தழைய உட்டிருந்தேன், அதான் உங்களுக்கு ருசிக்கல. மூணு வருசமா மைய அரைச்சுதான் ஊத்தறேன். தெரிஞ்சிதா?"

"அண்ணனுக்கு மூக்கு மட்டும்தான் அண்ணி. நாக்கு கெடையாது," என்றான் தம்பி.

நானும் சிரித்தேன். இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். கட்டினவன் வாயில் அவனுக்கே தெரியாமல் எதையும் போடலாம் என்றால் அது என்ன குடித்தனம்? தழை பெரிய விஷயமில்லை. நம்பிக்கைதான் பெரியது. அதை அவளுக்குப் புரியவைக்க நினைத்தேன்.

அவலூர்பேட்டைச் சந்தையில் நானே ஒரு கட்டு வாங்கி வந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மியில் துவையல் அரைத்தேன். இராஜகிரி மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் வேர்க்கடலைக் கொல்லைக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தது. தழை வாடையில் அது தெரியவில்லை. தினமும் அவளுக்கு மட்டும் வைத்தேன். எனக்குத்தான் ஆகாதே.

"கடசீல ஒத்துக்கினீங்க பாரு," என்று விரலை நக்கினாள்.

பத்து நாளில் படுத்துவிட்டாள். வைத்தியர் குடற்புண் என்றார். ஞானத்தைப் போல ஒரு புருஷன் உண்டா என்று தெருவே என்னை மெச்சியது. வேறெதுவும் அவளுக்கு இறங்கவில்லை. அந்தத் துவையலைத்தான் கேட்பாள். பிடித்ததை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசி நாள், குனிந்து அவள் காதோரம் அதில் என்ன அரைத்தேன் என்று சொன்னேன். "தெரிஞ்சிதா?" என்று அவளைப் போலவே கேட்டேன். கண் மட்டும் அசைந்தது. அவளைப் பார்க்க வந்திருந்த தம்பி பின்னால் கஞ்சியோடு நின்றதை நான் பார்க்கவில்லை.

ஆமாம், கொன்றது நான்தான். தழைக்காக இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏட்டையா வீட்டுக் குழம்பாம், மத்தியானம் வைத்தது அப்படியே இருக்கிறது. எனக்குப் பசிக்கிறது. சாப்பிட்டுப் பார்த்தால் எனக்குத் தெரியாது. இதில் மல்லி அரைத்துப் போட்டிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள், ஐயா.