தோளில் வளர்ந்த உருண்டை

முப்பது ஆண்டுகள் உயிரியல் கற்பித்துத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். அந்நியர் பேச்சில் குறுக்கிடுவது என் வழக்கமன்று. பத்து காஜாவிலிருந்து ஈப்போ செல்லும் பேருந்தில், எனக்கு முன்னால் அமர்ந்திருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“உன் தங்கச்சி என் எலும்பக் கரைக்கப் பாத்தா மச்சான்!”

“என்னா மாப்ள சொல்ற?”

“லோரில கேஸ் சிலிண்டர் ஏத்தறப்ப அந்தத் தோம்போட விழுந்து தோள் எலும்பு முறிஞ்சுச்சுல்ல? அந்த எடத்துல உருண்டையா ஒண்ணு வளந்துச்சு. கட்டின்னு பயந்து தினமும் மிஞாக் தைலம் போட்டுத் தேய்ச்சா.”

“டாக்டர்ட்ட காட்டினியா?”

“நேத்து காட்டினேன். எக்ஸ்ரே படத்தப் பாத்துச் சிரிச்சிட்டாரு. அதான் புது எலும்பாம். முறிஞ்ச ரெண்டு துண்டையும் அதான் கவ்விப் புடிச்சிருக்காம். தேய்ச்சாலாம் கரையாதுலா.”

“அப்ப வேலை?”

“இன்னிக்கே போலாம்னுட்டாரு! லோரில வேற ஆளப் போட்டுருவாங்களோன்னு மூணு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல மச்சான்.”

“தங்கச்சி இனிமே தேய்க்காதுல்ல?”

“எங்க! காலையிலயும் தேய்ச்சா. இப்ப நல்லா வளரட்டும்னு தேய்க்கிறாளாம்.”

இருவரும் சிரித்தனர்.

“இனிமே பழச விட ஸ்ட்ராங்கா இருக்கும். ரெண்டு தோம்பு ஒண்ணா தூக்குவேன் பாரு” என்று தோளைத் தட்டியபடி அவர் இறங்கினார்.

முறிந்து கூடிய எலும்பு பழையதைவிட வலிமையானது அன்று. நன்றாகக் கூடினால் பழையதற்கு நிகரானது. ஒரு தோம்புக்கு அது போதும்.