ஈரல் வறுவலும் பெரிய எஞ்சினும்

எனக்கு ஈரல் பிடிக்காது. நம் மோட்டார் சைக்கிள் சங்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். "ஏன் செஞ்சே?" என்று மார்லிஸ் கேட்டதும் நான் ஈரலைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். நான் பேச்சை மாற்றவில்லை. விஷயமே அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வசந்தத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மிசிசிப்பிக் கரையிலிருந்து கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, மேட்டு உச்சியில் இருக்கும் உணவகத்துக்குப் போவோம். முதலில் போய்ச் சேர்கிறவர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சாப்பாட்டைச் சொல்லிவிடுவார். மற்றவர்கள் வந்து, முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும். பெரும்பாலும் முதலில் போனவன் ஆர்லன். ஆர்லனுக்கு உயிர், வெங்காயம் போட்டு வறுத்த மாட்டு ஈரல்.

ஆர்லனும் நானும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி வண்டி வாங்கியவர்கள். நிறம்கூட ஒன்று. அவன் பின்னால் அவன் மனைவி மார்லிஸ் உட்கார்ந்திருப்பாள். என் பின்னால் யாரும் கிடையாது. இருந்தும் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு அவன் வளைவுகளில் என்னைத் தாண்டிப் போவான். தாண்டும்போது மார்லிஸ் திரும்பி எனக்குக் கையசைப்பாள். அன்பாகத்தான் அசைப்பாள். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

ஓர் இலையுதிர் காலத்தில் ஆர்லனுக்கு அந்த யோசனை வந்தது. எஞ்சினைப் பெரிதாக்கலாமா, வேண்டாமா. சிலிண்டர், பிஸ்டன், கேம் ஷாஃப்ட் எல்லாம் புதிதாக ஒரே பெட்டியில் வரும். வெளியிலிருந்து பார்த்தால் பழைய எஞ்சின் போலவே இருக்கும். உள்ளே மட்டும் ஆள் மாறிவிடும்.

"மார்லிஸை ஏத்திக்கிட்டு நேர் ரோட்டுல ஏறறப்ப வண்டிக்கு மூச்சு வாங்குதுடா," என்றான். "அவ கொஞ்சம் சொகுசா வரணும்ல."

"இருக்கறதை விட்டுட்டுப் பறக்கறதைப் பிடிக்கப் போகாதே ஆர்லன். கிளட்ச் தாங்காது. எஞ்சின் சூட்டுல கால் வெந்துபோகும். பெட்ரோல் பங்க்குலயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்."

"நீ என்னடா, என் மாமியார் மாதிரி பேசறே?"

நான் சொன்ன காரணங்கள் எல்லாம் நியாயமானவை. இன்றைக்கும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். தொழிற்சாலை கொடுத்த எஞ்சின் ஒரு மனிதனுக்குப் போதும். அவன் பல வாரம் யோசித்தான். ஒரு வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டின்போது பிராந்தியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்கிட்டேன்டா," என்றான். நான் மீன் தட்டைத் தள்ளி வைத்தேன். இனி சாகிறவரை ஞாயிறுதோறும் ஈரல்தான் என்று அப்போது புரிந்தது.

நம் ஊர்க் குளிரில் வண்டிகளை வெளியில் விட முடியாது. என் கொட்டகையில் கணப்பு உண்டு. குளிர்காலம் முழுக்க அவன் வண்டியும் என் வண்டியும் அங்கேதான் போர்வை போர்த்தித் தூங்கும். வேலைக் காலமெல்லாம் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்த்தவன் நான். ஆகவே பெட்டியை என்னிடமே கொடுத்தான். "உன் கைக்குத்தான் இது வரும். நாங்க வர்றதுக்குள்ள மாட்டி வைடா," என்று சொல்லிவிட்டு மார்லிஸோடு அரிசோனாவுக்கு, அவள் தங்கை வீட்டுக்கு, வெயில் காயப் போனான்.

ஒரே மாதிரி இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நடுவில் பெட்டி. யாருக்கும் தவறு நேரலாம். எனக்குத் தவறு நேரவில்லை. ஆர்லனின் வண்டிமேல் போர்வையை நன்றாக இழுத்து மூடிவிட்டு, என் வண்டியைப் பிரித்தேன்.

வேலை அருமையாக வந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவன் திரும்பி வந்ததும் என் வண்டியிலிருந்து கழற்றிய பிஸ்டன் ஒன்றைத் துடைத்து, "உன் பழைய ஆளு, ஞாபகமா வச்சுக்கோ," என்று கொடுத்தேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை வரவேற்பறையில், அவர்களுடைய கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். மார்லிஸ் வாராவாரம் அதற்குத் தூசி தட்டினாள். என் பிஸ்டன் இவ்வளவு மரியாதையை என் வீட்டில் கண்டதில்லை.

முதல் ஓட்டத்தில் ஆர்லன் கூத்தாடினான். "என்னா இழுவைடா வெண்டல். கை ரெண்டும் கழண்டு போயிருக்கும்." ஒரு திருகாணிகூடத் தொடாத எஞ்சினில் அவன் அத்தனை பலத்தைக் கண்டான். மார்லிஸ் மட்டும் இறங்கி நின்று, "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே," என்றாள்.

"பின்னாடி உக்காந்தவளுக்கு எப்படித் தெரியும்?" என்றான் ஆர்லன். அதானே என்று நானும் சொன்னேன்.

அந்த ஞாயிறு நான் மேட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்தேன். பொரித்த மீனும் வறுத்த பாலாடைக்கட்டியும் எல்லோருக்கும் சொன்னேன். அடுத்த ஞாயிறும் நான்தான். அதற்கடுத்ததும். ஆர்லன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். எஞ்சினைச் சந்தேகப்படவே இல்லை. மாட்டியவன் நான் ஆயிற்றே. "அப்ப என்கிட்டதான்டா கோளாறு," என்றான்.

நான் பொய் சொல்லவில்லை. "எடையா இருக்கலாம்," என்றேன். எடை கூடினால் வண்டி மெதுவாகும் என்பது யாரும் மறுக்க முடியாத உண்மை.

ஆர்லனுக்கு வயிறு முன்னால் வரும், ஆள் பிறகு வருவான். அவன் சாசேஜை விட்டான், பீரை விட்டான். மேட்டு உணவகத்தில் நான் வரவழைத்த வறுத்த பாலாடைக்கட்டியின் மேல்தோலை உரித்து, உள்ளே இருப்பதில் பாதியைத் தின்பான். வழக்கத்தை மீற மாட்டான், நல்ல மனிதன். பிறகு வண்டியின் பக்கப் பெட்டிகளைக் கழற்றினான். முன்கண்ணாடியைக் கழற்றினான். இளைத்துக் காற்றாடி போல ஆனான். அப்படியும் நான்தான் முதல்.

கழற்றுவதற்கு அவனிடம் இனி ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. அவனே ஒருநாள் என் கொட்டகை வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, "மார்லிஸை வீட்டுலயே இருக்கச் சொல்லலாமான்னு பாக்கறேன்," என்றான். அவளுக்காகத்தான் அவன் அந்தப் பெட்டியை வாங்கினான் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. "முயற்சி பண்ணிப் பாரேன்," என்றேன்.

அந்த வாரம் முதல் என்னைப் பார்த்துக் கையசைக்க யாரும் இல்லை. அவர்கள் வீட்டில் இரண்டு தொலைக்காட்சிகள் வந்துவிட்டன, இரண்டு அறைகளில். நான் போனால் ஆர்லன் ஓர் அறையிலும் அவள் ஓர் அறையிலும் இருப்பார்கள். நான் இரண்டு பேரோடும் மாறி மாறிப் பேசிவிட்டு வருவேன். நண்பன் என்றால் அதைச் செய்யத்தானே வேண்டும்.

மார்லிஸ் சும்மா இருக்கிற பிறவி அல்ல. கல்லூரி வாகன நிறுத்துமிடத்தில் கூம்புகளுக்கு நடுவே ஓட்டப் பழகி, உரிமம் எடுத்து, சின்ன வண்டி ஒன்றும் வாங்கி, இந்த வசந்தத்தில் நம் சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். என்னால் நடந்த நன்மைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பனி உருகியபின் வரும் முதல் சவாரியில் எல்லோரும் சாவியை ஒரு ஹெல்மெட்டுக்குள் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்த வண்டியை ஓட்டுவது நம் வழக்கம். அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு வருடம் தவறாமல் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இந்த முறையும் பிடித்தது. "இடுப்புதானே உனக்கு வலிக்குது, வண்டிக்கா வலிக்குது? அதுவாவது ஊர் சுத்தட்டும்," என்று ஆர்லன் என் சாவியை எடுத்து உள்ளே போட்டுவிட்டான். அன்பால் செய்தான். புது ஆள் என்பதால் மார்லிஸை முதலில் எடுக்கச் சொன்னீர்கள். அவள் கையில் வந்தது என் சாவி.

நான் ஒருவருடைய காரில் ஏறி மேட்டுக்குப் போனேன். மார்லிஸ் எல்லோருக்கும் முன்னால் வந்து, சாப்பாடு சொல்லிவிட்டு, வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் ஈரல் சொல்லிட்டேன்," என்றாள். "உன் வண்டி என்ன வெண்டல், அவுத்து விட்ட கன்னுக்குட்டி மாதிரி ஓடுது?"

நான் சாப்பிட்டேன். முகம் சுளிக்கவில்லை. மேட்டிலிருந்து இறங்கும்போது அவள் ஆர்லனின் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். கீழே வந்ததும் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, உங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"இதோட முதுகுல எத்தனை வருஷம் உக்காந்திருக்கேன். எந்த ஏத்தத்துல இதுக்கு மூச்சு வாங்கும்னு எனக்குத் தெரியும். இது அதே கிழவன்தான். புதுசு எங்க போச்சுன்னு வெண்டலைக் கேளுங்க."

கேட்டீர்கள். சொல்லிவிட்டேன். ஆர்லனின் எஞ்சினை நான் எடுத்து என் வண்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆர்லன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தன் தொளதொளத்த கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப என் வயிறு இல்லையாடா?" என்றான்.

"இல்ல."

"மார்லிஸும் இல்லையா?"

"இல்ல."

"அவளைப் பாத்து, நீதான் பாரம்னு சொன்னேன்டா," என்றான். மார்லிஸ் அவன் முதுகில் கை வைத்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவர்களை ஒரே இடத்தில் பார்த்தேன். எனக்கு வருத்தமாக இருந்தது, உண்மையாகவே.

எஞ்சினை ஆர்லனின் வண்டிக்கே மாற்ற வேண்டும் என்ற உங்கள் முடிவை ஏற்கிறேன். நானே மாட்டித் தருகிறேன் என்றேன். ஆர்லன் உடனே தலையாட்டினான். என்ன இருந்தாலும் என் கைக்குத்தான் அது வரும் என்று அவனுக்குத் தெரியும். மார்லிஸ்தான் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்காரப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். உட்காரட்டும்.

ஈரலுக்காகவா இத்தனையும் என்று அவள் மறுபடி கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். மேட்டில் முதல் ஆளாக ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நின்றால், கடைசி வளைவில் ஆர்லன் திரும்புவது தெரியும். நம்மை நோக்கி ஒருவன் வந்துகொண்டிருப்பான். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒன்றை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் யாருடையதாகவும் இருக்கலாம், ஆக்சிலரேட்டரை முறுக்கியது என் கைதான். அந்த மேட்டில் ஆர்லனை நான் ஒருநாள்கூட ஏமாற்றி ஜெயித்ததில்லை.