சிவப்பு விளக்கின் மொழியறிந்த அக்காவுக்கு

சுவிட்சின் சிணுங்கலைக் கேட்டே அதன் சீக்கைச் சொல்லும் செம்மலே! இம்மருத்துவமனையின் கணினிகளையெல்லாம் அந்தச் சுவிட்ச் பெட்டிகள் வழியே இணைக்கும் நெட்வொர்க்கைக் கண்ணிமைபோல் காத்த எங்கள் அன்பு அக்காவே! ஊரே பதறும்போதும் பதறாத பெருந்தகையே, இன்று பணி ஓய்வு பெறும் உங்களுக்கு வணக்கம்!

மஞ்சள் விளக்கு எரிந்தால் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: அணைத்துவிட்டு மறுபடி போடுவது. நீங்களோ விளக்கைப் பார்த்து, விசிறியின் இரைச்சலைக் கேட்டு, திரையில் விழுந்த செய்தியை வாசித்து, கடைசியில்தான் கை வைப்பீர்கள். "அலாரம் அடிச்சா அது இன்னும் உசுரோட இருக்குன்னு அர்த்தம். என்ன சொல்லுதுன்னு முதல்ல கேளுங்கப்பா" என்று எத்தனை முறை எங்கள் காதைத் திருகியிருப்பீர்கள்! சுவிட்சின் மேல் காப்பி டம்ளர் வைத்தவர் வாங்கிய திட்டுக்குத் தனி மடலே எழுதலாம்.

அந்த நண்பகலை மறப்போமா? உங்கள் கணவர் அறுவை அரங்கினுள். விடுப்பெடுத்த நீங்கள் வாசல் நாற்காலியில். அரங்கின் திரைக்கு ஸ்கேன் படங்களைச் சுமந்து செல்லும் அதே சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்கு மின்சாரம் ஊட்டும் பவர் சப்ளைகள் இரண்டு. ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். முதலாவது செத்துவிட்டதாகச் செய்தி வந்தது. முதலாவது இடப்பக்கம் என்பது எங்களுக்குப் பாலபாடம். எங்களில் ஒருவர் சுவிட்சின் பின்பக்கம் போய், இடப்பக்கம் இருந்ததைக் கழற்றப் பிடித்தும்விட்டார்.

தகவல் கேட்டு இறங்கி வந்த நீங்கள் கத்தவில்லை. "தம்பி, முன்னாடி நின்னாத்தான் அது இடது. நீ இப்ப பின்னாடி நிக்கிற" என்றீர்கள். கேபிள் கொத்தை விலக்கினீர்கள். அவர் பிடித்திருந்ததில் பச்சை விளக்கு! உயிரோடிருந்த ஒன்றே ஒன்று! பிடுங்கியிருந்தால் மேலே திரை இருண்டிருக்கும். அவர் வெடுக்கென்று கையை எடுத்தார். நீங்களோ செத்ததைக் கழற்றி, புதியதைச் செருகி, சிவப்பு மறைந்த பிறகே தரையில் உட்கார்ந்தீர்கள். அப்போதுதான் உங்கள் கைகள் நடுங்கின. அதுவரை அவற்றை எப்படி அடக்கி வைத்திருந்தீர்கள் என்பது இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை, அக்கா.

"அவர்கிட்ட சொல்லிராதீங்க, பயந்த சுபாவம்" என்றீர்கள். சொல்லவில்லை. முன்வரிசையில் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டு ஐயாவுக்கு, நாங்கள் இந்த மடலைப் படிக்கும்வரை ஒன்றும் தெரியாது. மன்னியுங்கள் அக்கா, மைக்கிலேயே போட்டு உடைத்துவிட்டோம்.

இருவரும் நோய்நொடியின்றி, நிறைந்த மகிழ்வோடு நீடூழி வாழ்க! ஐயா, அந்தக் கைகளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் கைதட்டுகிறோம்.

இனி யாரிடம் திட்டு வாங்குவதென்று தெரியாத,
நெட்வொர்க் பிரிவு ஊழியர்கள்